பன்னிரண்டு மணி நாற்பது நிமிடம்

1

இந்தக் கதை ஒரு தப்புக் கணக்கில் பிறந்தது. கணக்குப் போட்டவள் மனைவி. திருத்தியவர் கணவர், மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி. அந்த மனைவி நான்தான். 'அவள்' என்று எழுதினால்தான் வரி நகர்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தொடக்கம்: இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவே பதினோராயிரத்து நூறு கிலோமீட்டர், அந்த நடுவில் ஒரு குடும்பம்...

(வேண்டாம். அவர் படித்திருந்தால், "எந்தப் பாதையில அளந்த?" என்றுதான் கேட்டிருப்பார்.)

2

அவர் விமானப் பாதை வகுப்பவர். எந்த வழி, எவ்வளவு எரிபொருள், எத்தனை மணி நேரம் என்று ஜன்னலில்லாத அறையில் உட்கார்ந்து விமானிக்கு எழுதிக் கொடுப்பது வேலை. எதற்கும் முதலில் காற்றைப் பார்ப்பதால் அலுவலகத்தில் 'காத்துக்காரர்' என்றே பெயர். வெளிநாட்டிலிருந்து மகள் வரும்போதெல்லாம் பயணச்சீட்டில் போட்ட நேரத்தை நம்பாமல், தானே ஒரு நேரம் குறித்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுவார். ஐந்து நிமிடத்துக்கு மேல் தவறியதில்லை.*

* ஒருமுறை பதினெட்டு நிமிடம் தவறியது. மறைத்தால் அவருக்குப் பிடிக்காது.

3

"பொண்ணை வரச் சொல்லிடுங்க" என்று மருத்துவர் சொல்லியிருந்தார். காலை ஆறு மணிக்கு அவள் கட்டிலருகே குனிந்தாள்.

"பொண்ணு ஏறிட்டா. விமானம் இப்பதான் கிளம்புச்சு. பதினாலு மணி நேரம். ராத்திரி எட்டுக்கு இறங்கிடுவா."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "பதினாலுன்னு யாரு சொன்னா?"

"போன தடவை இங்கேருந்து போறப்ப அவ்வளவுதானே ஆச்சு?"

"அது போறப்ப. மூஞ்சில அடிக்கிற காத்து. வர்றப்ப பின்னாலேருந்து தள்ளும். பன்னண்டு நாப்பது." மூச்சு வாங்கியது. "முப்பது வருஷம் என்கூடக் குடித்தனம் பண்ணியிருக்க."

செவிலி சிரித்துவிட்டாள். "பேசாதீங்க சார்."

"இவ கணக்கை நம்பினா நான் எட்டு வரைக்கும்ல இருந்தாகணும், சிஸ்டர்."

(இங்கே அவரை வீரராக்கி மூன்று வரி எழுதினேன். அடித்துவிட்டேன். கணக்கில் தப்பிருந்தால் தூக்கம் வராத மனிதர், அவ்வளவுதான். எனக்கு அதுவே மலைப்பாக இருக்கிறது.)

4

மாலை ஆறு முப்பத்தெட்டுக்கு மகளின் செய்தி வந்தது: 'இறங்கிட்டேன். அப்பாகிட்ட சொல்லு.' அவள் நேரத்தையும் சேர்த்துக் காதோடு சொன்னாள்.

"ரெண்டு நிமிஷம் முன்னாடி" என்றார். உதடு மட்டும் அசைந்தது.

அதற்குப் பிறகு அவர்

5

அவர் கணக்கெல்லாம் ஒரு ஓடுபாதையிலிருந்து இன்னொரு ஓடுபாதை வரைக்கும்தான். பாஸ்போர்ட் வரிசை, வாடகைக் கார், நாலு சிக்னல், மருத்துவமனையின் மூன்றாம் மாடிக்கு இருக்கும் ஒரே லிஃப்ட் என எதுவும் அதில் சேராது.

ஒரு முடிவில் மகள் வந்து கையைப் பிடிக்கிறாள், அவர் திருப்பிப் பிடிக்கிறார். இன்னொன்றில் கை இருக்கிறது, பிடி இல்லை. இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் பன்னிரண்டு நாற்பது சரியாகவே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

லிஃப்ட் கதவு திறக்கிறது. தெரிந்த நடை, மகளுடையதுதான், ஓட்டமாக வருகிறது. அவர் கையைத் தன் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டு, கதவுக்கு முதுகு காட்டி அவள் நிற்கிறாள். அந்தக் கைக்குள் இருப்பது எனக்குத் தெரியும். விரித்துக் காட்ட மாட்டேன், நீங்கள் விரித்துக்கொள்ளுங்கள்.