உயிருள்ள ஆகாரம்

அழகிரி வலையை இழுத்தபோது கட்லா மீன் வரவில்லை. நனைந்த பஞ்சு மாதிரி ஏதோ ஒன்று வலைக்கண்ணை எல்லாம் அடைத்துக்கொண்டு வந்தது. துறையூர் சாலையில் இருக்கும் செங்காட்டு ஏரியின் மீன்பிடிக் குத்தகை அவனுடையது. பங்குனியில் மறு ஏலம். அதற்குள் மீன் படாவிட்டால் ஏரி கைமாறிவிடும்.

மீன்வளத்துறை அதிகாரி வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கடுகளவு உடம்பு, ஊசி போல நீண்ட வால்.

“தண்ணித் தெள்ளுப்பூச்சி. வெளிநாட்டுச் சரக்கு. மீன்குஞ்சு இதை முழுங்காது, வால் குத்தும். குஞ்சுக்குக் கிடைக்கிற தீனியையும் இதுவே தின்னுடும். யாருங்க கொண்டாந்து விட்டது?”

“பிளேன் பிடிச்சு வந்திருக்கும் சார்.”

“வேற ஏரியில வலை போடறதுக்கு முன்னாடி வெயில்ல நல்லா காய வைங்க.”

“எனக்கு இருக்கிறதே ஒரு ஏரிதாங்க.”

அதிகாரியிடம் வேறு மருந்து இல்லை. அதனால் அழகிரியின் மனைவி வள்ளிக்கண்ணு அவனை ஸ்ரீரங்கத்தில் ஒரு ஜோதிடரிடம் இழுத்துக்கொண்டு போனாள். மாடியில், ஏ.சி. குளிரில், ஜோதிடர் கட்டம் பார்த்தார்.

“ஜலத்தால வர ஜீவனத்து மேல சனி பார்வை. மத்ஸ்யத்துக்கு ஆகாரம் போடுங்கோ.”

“பொரிங்களா சாமி?” என்றாள் வள்ளிக்கண்ணு.

“பொரிக்கு இப்பல்லாம் பலன் கம்மி. உயிருள்ள ஆகாரம் போடணும். கீழ என் மச்சினன் கடையில பாக்கெட் இருக்கு. ஒரு தடவை விட்டா போறும், அதுவா பெருகும். புண்ணியமும் கூடவே பெருகும்.”

மேஜையில் இருந்த மாதிரி பாக்கெட்டை அழகிரி விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஊசி வால்.

“இதை எந்தத் தண்ணியில விடறாங்க சாமி?”

“கோயில் குளத்துல விட மாட்டா. துறையூர் ரோட்டுல ஒரு ஏரி இருக்கு. நம்மவா எல்லாரும் காரெடுத்துண்டு அங்கதான் போறா.”

“அது என் ஏரிங்க. இந்தப் பூச்சி அடைச்சுத்தான் வலையில மீன் படல.”

ஜோதிடர் ஒரு நிமிஷம் கண்ணை மூடினார். “இத்தனை பேரோட தோஷமும் உங்க ஏரியில இறங்கியிருக்கு. கஷ்டம் வராம என்ன பண்ணும்?”

“அப்ப பரிகாரத்தை மாத்திச் சொல்லுங்க. பாக்கெட் வேணாம். காரெடுத்துட்டு வரவங்க எல்லாரும் என் வலையைத் தேய்ச்சுக் குடுக்கட்டும்.”

ஜோதிடர் யோசித்தார். மச்சினன் கடையில் பிரஷ்ஷும் உண்டு. கிரகங்கள் சம்மதித்தன.

சனிக்கிழமை ஏரிக்கரையில் கார்கள் வரிசையாக நின்றன. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் மாதவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக உட்கார்ந்தார். ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே தேய்த்தார்கள். வலைக்கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சுரண்டிய கூழைக் கொட்டுவதற்கு அழகிரி கரையில் குழி வெட்டி வைத்திருந்தான். வாளிகள் நிரம்ப நிரம்ப, பங்குனி ஏலத்தில் மறுபடி உட்கார்ந்துவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது.

மாதவன் வாளியுடன் எழுந்தார். குழியைத் தாண்டிப் போனார். முழங்கால் தண்ணீரில் இறங்கி, வாளியைப் பதமாகச் சாய்த்துக் கும்பிட்டார்.

“சார், என்ன பண்றீங்க?”

“உயிராச்சே, வெயில்ல போட்டுக் கொல்றதாவது. ஒண்ணுகூட சாகல, பாருங்கோ.”

அவருக்குப் பின்னால் மற்றவர்களும் வாளியுடன் வரிசையில் நின்றார்கள். அடுத்த வாரமும் வருவதாகச் சொன்னார்கள். வள்ளிக்கண்ணு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“சார்,” என்றான் அழகிரி, “பங்குனியில ஏலம் வருது. ஏரியை நீங்களே எடுத்துக்கங்களேன்.”

மாதவன் காதைப் பொத்திக்கொண்டார்.

“மீன் பிடிக்கறதா? அந்தப் பாவமெல்லாம் நமக்கு எதுக்கு.”