மொத்த மன்னிப்பு

1974 செப்டம்பரில் ஒரு புதன்கிழமை மத்தியானம். ஏகாம்பரம் வேலை பார்த்த கட்டட வரைபட அலுவலகத்தின் முதலாளி வினிக், மேசை மேசையாக வந்து மன்னிப்புக் கேட்டார். அன்று மாலை யூதர்களின் யோம் கிப்பூர் விரதம் தொடங்குகிறது. மறுநாள் அலுவலகம் விடுமுறை.

"பட்டினி கிடந்து கும்பிட்டால், கடவுளுக்குச் செய்த தப்பைத்தான் அவர் மன்னிப்பார். மனுஷனுக்குச் செய்ததை அந்த மனுஷனிடமே கேட்கணும்," என்றார் வினிக்.

முதலாளியை மன்னிக்கும் வாய்ப்பு ஏகாம்பரத்துக்கு வாழ்க்கையில் அதுவே முதல்முறை. கொஞ்சம் யோசிப்பதுபோல் முகத்தை வைத்திருந்துவிட்டு மன்னித்தார்.

குடியிருந்த டோர்செட் பார்க் பகுதியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அவர் பாதி மகானாகியிருந்தார். நாளைக்குத் தானும் விரதம், பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது என்று மனைவி வேதவல்லியிடம் அறிவித்தார்.

"முதலாளி இருக்கச் சொன்னாரா?"

"இது ஆத்மா சம்பந்தப்பட்டது. உனக்குப் புரியாது."

எம்.எஸ்ஸி. படித்த வேதவல்லி, நாளைக்கு அளந்து வைத்த அரிசியில் பாதியைத் திரும்ப டப்பாவில் கொட்டினாள்.

வியாழன் மூன்று மணிக்கு ஆத்மாவைவிட வயிறு சத்தமாகப் பேசியது. மன்னிப்பையாவது சீக்கிரம் வாங்கி முடித்துவிட நினைத்தார். வேதவல்லி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாவது தப்பு பண்ணியிருந்தா மன்னிச்சிடு."

"எந்தத் தப்பு?"

"பொதுவா."

"பொதுவா எப்படி மன்னிக்கறது? என்னன்னு சொல்லுங்க."

சாம்பாரைக் குறை சொன்னதைச் சொன்னார். நண்பர் சேதுராமன் வீட்டில் அவளுடைய இங்கிலீஷைக் கேலி செய்ததைச் சொன்னார். அவள் மடித்துக்கொண்டே இருந்தாள். பசியில் அவருக்குத் தலை சுற்றியது. வாய் தன்பாட்டுக்குப் போனது.

"மார்ச்சுல லைப்ரரி வேலைக்கு எழுதிக் கொடுத்தியே, அந்தக் கவரை நான் போஸ்ட் பண்ணல. குப்பையில போட்டுட்டேன். நீ வேலைக்குப் போயிட்டா வீட்டை யார் பாக்கறது?"

வேதவல்லியின் கை நின்றது. ஆறு மாதமாகத் தினமும் கீழே இறங்கிப் போய்த் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தவள் அவள். தனக்குத்தான் தகுதி போதவில்லை என்று தன்னையே நொந்துகொண்டவள்.

"மன்னிச்சிட்டியா?" என்றார் ஏகாம்பரம்.

"இல்ல," என்றாள். கோட்டை மாட்டிக்கொண்டு நூலகத்துக்கு நடந்தாள்.

கதவு சாத்தியதும் ஏகாம்பரம், சூரியன் மறைய இன்னும் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருக்கையிலேயே, முந்தைய நாள் தயிர்சாதத்தை நின்றபடியே தின்று தீர்த்தார்.

நவம்பரில் வேதவல்லிக்கு நூலகத்தில் வேலை கிடைத்தது. ஒரு சனிக்கிழமை, அவள் வேலைக்குப் போயிருந்தபோது, பக்கத்து ஊரான ஒஷாவாவிலிருந்து சேதுராமன் வந்திருந்தார்.

"நான்தான் வேலைக்கு அனுப்பிவெச்சேன். பொம்பளைங்களும் முன்னேறணும் இல்லையா?" என்றார் ஏகாம்பரம்.

சேதுராமன் மெச்சிவிட்டுக் காப்பி கேட்டார். காப்பிப் பொடி எந்த டப்பாவில் இருக்கிறதென்று ஏகாம்பரம் கால் மணி நேரம் தேடினார்.