மருதாள் பெயரில் ஒரு அட்டை

முதல் சொம்புத் தண்ணீரை அன்புசெல்வி அம்மாவின் காலில் ஊற்றினாள். வாசலில் நான்கு பெண்கள் சேலைகளை விரித்து மறைப்புப் பிடித்திருந்தார்கள். நடுவே பலகையில் மருதாள் கிடந்தாள். ஐம்பத்தொரு வயது உடம்பு, பள்ளிக்கூடப் பிள்ளையின் அளவுக்கு வற்றிப்போயிருந்தது.

மறைப்பின் ஒரு முனையைப் பிடித்திருந்தவள் பெரியாத்தாள். சொந்தம் கிடையாது, பனியன் கம்பெனி செக்கிங்கில் பதினொரு வருடம் மருதாளோடு ஒரே மேசையில் நின்றவள். அன்புசெல்வி அவளைச் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

"அந்த அட்டைய நம்பி மோசம் போயிட்டனுங்க சின்னம்மா," என்றாள் அன்புசெல்வி. காலையிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் இதே புலம்பல்தான். "கேம்ப்ல பாத்து ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுத்தாங்களே. மூணு மாசம் தீட்டு நிக்காதப்பவும், நிக்கிற வயசுதானேன்னு உட்டுட்டனுங்க. அந்த நர்சு நல்லாருப்பாளா?"

இரண்டு வருடத்துக்கு முன்னால் கம்பெனி கேன்டீனில் நடந்த முகாம் அது. கர்ப்பப்பை வாயில் புற்று இருக்கிறதா என்று, காடி மாதிரி ஒரு மருந்தைத் தடவி ஒரு நிமிடம் பார்ப்பார்கள். காசு கிடையாது. வரமாட்டேன் என்ற அம்மாவை ஒரு வாரம் நச்சரித்து அனுப்பியவளே அன்புசெல்விதான்.

"நர்சம்மாவ வையாத கண்ணு," என்றாள் பெரியாத்தாள். "அவிய உங்கம்மாளப் பாக்கவே இல்ல."

"என்னங்க சொல்றீங்க?"

"துணிய ஒதுக்கிட்டுப் படுக்கோணும்னதும் அழுதுட்டா. கையப் புடிச்சுக்கிட்டு, எனக்கும் நீயே போயிரு பெரியாத்தான்னா. ரெண்டு நர்சு, ரெண்டு கட்டிலு. எம்பேருக்கு ஒண்ணுல படுத்தேன். அவ டோக்கனைக் கொண்டுட்டுப் போயி இன்னொண்ணுல படுத்தேன்."

செக்கிங் மேசையில் அது வழக்கம்தான். ஒருத்தி பாத்ரூம் போனால், அவள் பங்குப் பனியனையும் இன்னொருத்தி ஓட்டை, கறை பார்த்து, போனவளின் நம்பர் ஸ்டிக்கரை ஒட்டிவிடுவாள்.

"அதாட்டந்தான் நெனச்சேன் கண்ணு."

அன்புசெல்வி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த அட்டையை அவள் வாசித்துக் காட்டியபோது தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த முகம். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டபோது, "அதான் பாத்தாச்சே கண்ணு," என்ற முகம். பெற்றவளும் கூடச் சேர்ந்தல்லவா ஏமாற்றியிருக்கிறாள்! செத்துக் கிடக்கிறவளிடம் எந்தச் சண்டையைப் போடுவது?

"ரத்தம் பட்டப்பவாச்சும் சொல்லியிருக்கலாமுல்லீங்க?"

"சத்தியம் வாங்கிட்டா..."

பெரியாத்தாள் குலுங்கி அழுதாள். அவள் கை தாழ்ந்து, சேலை ஒரு பக்கம் சரிந்தது. தெருவில் பாடை கட்டிக்கொண்டிருந்த ஆண்கள் தெரிந்தார்கள்.

"தூக்கிப் புடிங்க," என்றாள் அன்புசெல்வி. சின்னம்மா என்று சேர்க்க வாய் வரவில்லை. "அம்மாவுக்குக் கூச்சம்."

சேலை உயர்ந்தது. அன்புசெல்வி குனிந்து அடுத்த சொம்பை மொண்டாள்.