நுனி கருகிய செரிக் கன்றுகள்

அல்பேட் அண்ணை ஓய்வுபெற்று மொன்றியலுக்கு மகளோடு இருக்கப் போன பிறகு, மரக்கன்று வளர்க்கும் மிசிசாகா ஆய்வுகூடத்தில் செலீன் தனித்துப்போனாள். பன்னிரண்டு வருடங்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்து, செரி, அப்பிள் மரங்களின் குருத்துகளை வெட்டி, ஊட்டச்சத்துக் கலந்த ஜெல் நிரப்பிய போத்தல்களில் நட்டவர்கள். அவருடைய இடத்துக்கு முதலாளி வேறு யாரையும் எடுக்கவில்லை. அஜின்கோர்ட்டில் அவளுடைய வீட்டிலும் ஆளில்லை. கணவன் பிரிந்துபோய்க் கனகாலம். சில நாட்களில், கடையில் மிச்சக் காசு வாங்கும்போது சொல்லும் நன்றியைத் தவிர அவள் வாய் திறப்பதே இல்லை.

மார்ச் மாதத்தில் செரிக் கன்றுகளின் நுனி கருகத் தொடங்கியது. பார்த்தவுடனேயே செலீனுக்குக் காரணம் விளங்கிவிட்டது. ஜெல்லில் கல்சியம் தாராளமாக இருந்தது. ஆனால் புதிதாக வந்த மூடிகள் இறுக்கமானவை. உள்ளே காற்று அசையாவிட்டால் இலையிலிருந்து நீர் ஆவியாகாது. நீர் மேலே ஏறாவிட்டால் கல்சியமும் நுனிக்குப் போய்ச் சேராது. காற்றுப் போகிற மூடி போட்டால் சரி. எல்லாம் தெரிந்தும் அவள் போனை எடுத்து அல்பேட் அண்ணையிடம் கேட்டாள்.

மூடியைப் பார்க்கச் சொன்னார் அவர். பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் இருந்து கூட்டிவர வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை.

மூடிகளை மாற்றினாள். கருகிய நுனிக்குப் பக்கத்திலிருந்து புதுக் குருத்துகள் பச்சையாகக் கிளம்பின. இனி எதைக் கேட்பது என்று அவளுக்கு யோசனையாகிவிட்டது.

ஏப்ரலில் ஒரு தட்டுக் கன்றுகள் வெளிறின. நரம்பு மட்டும் பச்சையாக, இலை மஞ்சளாக நின்றது. இரும்புச்சத்துக் கரைசலை அவளே மறதியாக வெளிச்சத்தில் விட்டிருந்தாள், அது பழுதாகிவிட்டது. மறுபடி அழைத்து, இலை ஏன் மஞ்சளாகிறது என்று கேட்டாள்.

அவர் திருப்பிக் கேட்டார்:

"பிள்ளை, உது உமக்குத் தெரியாததே?"

செலீனுக்கு முகம் சுட்டது. "தெரியும் அண்ணை," என்றாள்.

"பிறகென்ன? கேள்வி ஒண்டும் வேண்டாம். சும்மா கதைக்க எடும்."

சரி என்றுதான் சொன்னாள். ஆனால் சும்மா எடுப்பது அவளுக்குச் சுலபமாக இருக்கவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அவருடைய இலக்கத்தைப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். மூன்றாம் ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து, உடுப்பும் மாற்றாமல், அழைத்தாள்.

"அண்ணை, நான் செலீன். ஒரு விசயமும் இல்லை."

"நல்லது. நான் மீன் வெட்டுறன். போனை மேசையில வைக்கிறன், நீர் வைச்சிடாதேயும்."

தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. யாரோ கதிரை இழுத்தார்கள். சின்னப் பெண் ஒருத்தி பிரெஞ்சில் ஏதோ கேட்க, அவர் தமிழில் பதில் சொன்னார். செலீன் கட்டிலில் இருந்தபடி, போனைக் காதில் வைத்து, நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.