சாக்பீஸ் தூள்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டும் வேலை அவருக்கு. பகலெல்லாம் பிறர் கண்ணுக்காகத் தேய்த்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தன் ஆசைக்குச் செதுக்குவார். ஒரு சாக்பீஸ், ஒரு பிளேடு, பிடி போட்ட இரண்டு ஊசிகள். குடை பிடித்த கிழவர், சோம்பல் முறிக்கும் பூனை, முதுகில் பிள்ளையைச் சுமக்கும் பெண் எல்லாரும் சுண்டுவிரல் அளவுக்குள் வந்துவிடுவார்கள். குடையின் கம்பிகளைக்கூட எண்ணிவிடலாம். செதுக்கச் செதுக்கத் தூளை வாயால் ஊதிவிடுவது அவர் பழக்கம்.

மனைவி ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். பொம்மைகளில் அவளுக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு! மேசை காலியாகாத காரணத்தால் இரவுச் சாப்பாடு அரை மணி நேரம் தாமதமாக வரும்!" என்று அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள். அவர் சிரித்துக்கொண்டே மேசையைத் துடைப்பார். பிள்ளை குட்டி இல்லாத அந்த வீட்டில் வருடக்கணக்காக இதுதான் கலகலப்பு.

முதலில் போனது அந்தக் குரல்தான். அறிவிப்பின் நடுவில் மூச்சு வாங்கியது. அப்புறம் மாடிப்படியில் நின்று நின்று ஏறினாள். கடைசியில் ஒரு டாக்டரிடம் போய் நின்றார்கள்.

"நுரையீரல் கெட்டிப்பட்டுக்கிட்டே வருது. குணப்படுத்த முடியாது. வேகத்தை வேணா கொஞ்சம் குறைக்கலாம்" என்றார் டாக்டர். "வீட்டுல தூசி, தூள் ஏதாவது உண்டா?"

"இல்ல டாக்டர்" என்றாள் அவள், சட்டென்று.

"சாக்பீஸ் செதுக்குவேன்" என்றார் அவர். "ரொம்ப வருஷமா. அதனாலயா?"

"சொல்ல முடியாதுங்க. அதுவாவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே. எதுக்கும் இனிமே வேண்டாம்."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பார். இல்லை என்றிருந்தால் தூங்கியிருப்பார். இரண்டுக்கும் வழியில்லாமல் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் அலமாரியில் இருந்த அத்தனை சிற்பங்களையும் வாளித் தண்ணீரில் போட்டார். எல்லாம் கூழாகிக் கழிவுநீரோடு போயின. ஈரத்துணியால் சுவர், மேசை, மின்விசிறி என்று துடைத்துக்கொண்டே இருந்தார்.

துணைக்கு மனைவியின் அக்கா வந்து தங்கினாள். "தெரியாமப் பண்ணினதுதானே மாப்பிள்ளை, விடுங்க" என்றாள். அந்த ஆறுதல்தான் அவரை முள்ளாகக் குத்தியது.

படுக்கைக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் இயந்திரம் ஓயாமல் உறுமியது. அவர் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"பழையபடி செதுக்குங்களேன்" என்றாள் மனைவி ஒருநாள்.

"பேசாம இரு."

"கை சும்மா இருந்தா..." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள். "என்னையே பார்த்துக்கிட்டு இருக்கீங்க. நான் இப்பவே போயிட்ட மாதிரி இருக்கு."

மறுநாள் முதல் வாசலுக்கு வெளியே மாடிப்படியில் உட்கார்ந்தார். முகமூடி போட்டுக்கொண்டார். கதவு சாத்தியிருக்கும். பக்கத்திலிருந்த ஜன்னலின் மூடிய கண்ணாடி வழியே அவள் படுத்தபடி பார்ப்பாள்.

"என்னைச் செய்யுங்க" என்று ஒரு ராத்திரி அவர் உள்ளே வந்ததும் கேட்டாள். இத்தனை வருடத்தில் கேட்காதது. "மூக்குல இருக்கிற குழாயையும் செதுக்குவீங்கதானே?"

"அது எதுக்கு?"

"அது இல்லாம நான் ஏது?"

முகம் எளிதில் வந்துவிட்டது. குழாய்தான் வரவில்லை. மூக்கிலிருந்து காது வரை மயிரிழை போல ஓட வேண்டும். ஒவ்வொரு முறையும் கன்னத்தருகே உதிர்ந்துவிடும். உடைந்ததை ஜன்னலில் காட்டுவார். அவள் உதட்டைப் பிதுக்கிச் சிரிப்பாள். சிரிப்பு இருமலாகும்போது அவர் கையைக் கீழே இறக்கிவிடுவார். அடுத்த சாக்பீஸை எடுப்பார்.

ஒரு மத்தியானம் கடைக்கு போன் வந்தது. அவர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அதற்குள் அவள் வாயையும் மூக்கையும் மூடிப் பெரிய மாஸ்க் மாட்டியிருந்தார்கள். கண் மட்டும் திறந்திருந்தது. அவர் குனிந்து அவள் காதருகே கேட்டார்.

"என்னாலதானா? உன் மனசுல பட்டதைச் சொல்லு."

அவள் தலை அசைந்தது. ஆமாம் என்றா, இல்லை என்றா, மூச்சுக்காக அசைந்ததா, அவருக்குப் புரியவில்லை. மறுபடி கேட்கத் துணிவு வரவில்லை. விடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து அக்கா ஊருக்குக் கிளம்பினாள். வீட்டைப் பெருக்கி, இயந்திரம் இருந்த இடத்துக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "இனிமே நீங்க உள்ளேயே உட்கார்ந்து செதுக்கலாம் மாப்பிள்ளை" என்றாள். பரிவா, குத்தலா, தெரியவில்லை. அவர் தலையை ஆட்டினார்.

அக்கா போனபின் வெளியே வந்து படியில் உட்கார்ந்தார். பழக்கத்தில் கதவைச் சாத்தியிருந்தார். கையில் எதுவும் இல்லை. மேல்வீட்டுக்காரர் காய்கறிப் பையோடு ஏறி வந்து, தயங்கி நின்றார். இவர் காலை ஒடுக்கி வழிவிட்டார்.