இன்னொருத்தி கார்டு

சட்டை தைக்கும் அந்தக் கம்பெனியில் பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் நிலைக்காது. காலர் தைப்பவள் காலர் அக்கா, பை தைப்பவள் பாக்கெட். சூப்பர்வைசருக்குப் பெயர் கடுகு. ஆள் சிறிசு, ஆனால் வாயைத் திறந்தால் வெடிதான். அவரைத் திட்டாமல் ஒருத்திக்கும் மத்தியானச் சோறு இறங்காது.

பாக்கெட்டின் மாமியார் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. துடைத்து, துணி மாற்றி, நாலு வாய் ஊட்டிவிட்டு அவள் ஓடி வருவதற்குள் தினமும் பத்து நிமிஷம் பிந்திவிடும். மாதத்தில் மூன்று நாள் பிந்தினால் வேலை கிடையாது. அதனால் எட்டு மாதமாகக் காலர் அக்காதான் வாசல் மெஷினில் தன் கார்டோடு அவள் கார்டையும் சேர்த்து பஞ்ச் அடித்து வந்தாள். பிடிபட்டால் இரண்டு பேருக்கும் சீட்டு கிழியும். பாக்கெட் கையெடுத்துக் கும்பிட வந்தால், "போடி, பெரிய மலையைத் தூக்கிட்டேனாக்கும்" என்று விரட்டுவாள். தையல் வரிசை முழுவதற்கும் இது தெரியும். ஒருத்தியும் வாய் திறந்ததில்லை.

அன்றைக்கு ஒன்பது அடித்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, துணி கோடவுனில் புகை கிளம்பியது. அத்தனை பேரும் விழுந்தடித்து முற்றத்துக்கு ஓடி வந்தார்கள். கடுகு பஞ்ச் ஆன கார்டுகளை அள்ளி வந்து தலைகளை எண்ணினார். கார்டு நாற்பத்து மூன்று, தலை நாற்பத்திரண்டு.

"பாக்கெட் எங்கம்மா?"

அவள் இன்னும் வரவில்லை என்று காலர் அக்கா சொல்ல வேண்டியதுதானே! சொன்னால் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியாது. வேறு யாராவது சொல்லித் தொலைக்க மாட்டார்களா என்று அக்கம்பக்கம் பார்த்தாள். அதற்குள் அந்த மனுஷன் கைக்குட்டையை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"சார்! அவ உள்ள இல்ல சார்!"

தொண்டை கிழியக் கத்தினாள். இப்போது கத்தி என்ன பிரயோஜனம்?

தலையில் அடித்துக்கொண்டு அவள் நிற்கும்போது பாக்கெட் கேட்டுக்குள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "என்னக்கா ஆச்சு?" அடிப்பாவி, இவள் உள்ளேயே இருந்திருக்கக் கூடாதா என்று காலர் அக்காவுக்கு ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கும் சேர்த்து அழுதாள்.

தீயணைப்புக்காரர்கள் அவரைத் தூக்கி வந்தார்கள். இரண்டு கைகளும் வெந்திருந்தன. ஸ்ட்ரெச்சரில் படுத்தவர் பாக்கெட்டைப் பார்த்து, "அப்பாடா" என்றார்.

"நான்தான் சார் அவ கார்டையும் அடிச்சேன். என்ன வேணா பண்ணுங்க சார்."

"எட்டு மாசமாத் தெரியும்மா. எங்க அம்மாவும் அப்படித்தான் படுத்துக் கிடந்தாங்க. போகட்டும்னு விட்டுட்டேன்."

"தெரிஞ்சுமா உள்ள போனீங்க?"

"இன்னைக்கு ஒரு நாள் நேரத்தோட வந்திருந்தாள்னா?" இருமல் அடங்கக் காத்திருந்து, மெல்லச் சொன்னார். "வரலைன்னு யாராவது சொல்வீங்கன்னு ஒவ்வொருத்தர் முகமாப் பார்த்தேன். யாருமே சொல்லலையேம்மா."

அவர் குரலில் கோபம் துளியும் இல்லை. வண்டி கிளம்பியது. பாக்கெட் தோளைத் தொட வந்தபோது, காலர் அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.