சிட்டு சொன்ன சாட்சி

சபையில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘மைக் செட்டு’ என்பார்கள். பாஸ்டரின் குரல் கடைசிப் பெஞ்சு வரைக்கும் போய்ச் சேர்ந்தால் கர்த்தருக்கு மகிமை. நடுவில் ஸ்பீக்கர் ஒரு தடவை கீச்சென்று கத்திவிட்டால் மட்டும் பழி எனக்கு. ஹாலின் பின்பக்கம், மரத்தடுப்புக்குள், மிக்ஸருக்கு முன்னால் உட்கார்ந்து வருஷக்கணக்காக எல்லார் குரலையும் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறேன். வார நாட்களில் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் கடை. எனக்கென்று வரம் எதையும் கர்த்தர் ஒதுக்கவில்லை என்பது என் வெகுநாள் மனத்தாங்கல்.

எங்கள் வீட்டுக்கு வரவேண்டிய வரமெல்லாம் மொத்தமாக என் மனைவிக்கே போய்விட்டது. அவளுடைய அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அக்காவோடு வளர்ந்ததால் இவளுக்குப் பேச்சு வரும் முன்பே சைகை மொழி வந்துவிட்டது. மேடை ஓரத்தில் நின்று பாட்டு, ஜெபம், பிரசங்கம், அறிவிப்பு எல்லாவற்றையும் கையால் சொல்வாள். இடது பக்க முன் பெஞ்சுகளில் காது கேளாதவர்கள் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களில் யாராவது எழுந்து, கர்த்தர் தனக்குச் செய்த நன்மையைக் கையால் சாட்சி சொன்னால் அதை இவள் காலர் மைக்கில் வாயால் சொல்வாள். சொல்லும்போது ‘நான்’ என்றுதான் சொல்வாள். மீசை வைத்த பெரியவர் சாட்சி சொன்னாலும், "போன வாரம் நான் படியில வழுக்கி விழுந்தேன்" என்று இவளே விழுந்த மாதிரி சொல்வாள். புதிதாக வந்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். கேட்டால், "கையில வந்தது வாயில வரணும், நடுவுல எனக்கு என்ன வேலை" என்பாள். கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். வீட்டில் என்னிடம் பேசும்போதும் குறைப்பதில்லை.

சிட்டு, டெய்லருடைய ஒரே மகள். ஓரிடத்தில் நிற்காமல் தத்தித் தத்தி நடப்பதால் சபையே வைத்த பட்டப்பெயர் அது. அவளுக்கும் காது கேட்காது. காது கேளாதோர் பள்ளியில் படித்தாள். ஞாயிற்றுக்கிழமை இடது பக்கப் பெஞ்சில் உட்கார்ந்து கையாலேயே ஓயாமல் வாயாடுவாள். டெய்லருக்கு அந்தக் கைப் பேச்சு வராது; வீட்டில் அம்மாவுக்குத்தான் வரும். போன வருஷம் அவளுடைய அம்மா காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வரவில்லை. அப்போது சிட்டுவுக்கு அம்மை போட்டிருந்ததால் சித்தி வீட்டில் விட்டிருந்தார்கள்; அடக்கத்துக்குக்கூடக் கூட்டி வரவில்லை. டெய்லர் ஆள் பாதியாகிவிட்டார். தைக்கக் கொடுத்த துணியெல்லாம் கடையில் அப்படியே குவிந்து கிடந்தது.

அந்தச் சமயத்தில்தான் வெளியூரிலிருந்து தேவ ஊழியர் ஒருவரை அழைத்து எங்கள் சபையில் சுகமளிக்கும் கூட்டம் நடத்தினார்கள். காது கேளாதவர்கள் முன்னால் வரட்டும் என்று அவர் சொன்னதும் டெய்லர் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஊழியர் சிட்டுவின் முதுகுப் பக்கம் நின்று, மேடையைக் காலால் ஓங்கி மிதித்து, அல்லேலூயா என்று கத்தினார். சிட்டு திரும்பிப் பார்த்தாள். பலகை மேடை, பக்கத்திலேயே பெரிய ஸ்பீக்கர். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கே பல் ஆடியது, அவள் திரும்பாமல் என்ன செய்வாள். ஆனால் ஹால் முழுக்க எழுந்து நின்று அழுதது. டெய்லர் குப்புற விழுந்து கிடந்தார். எழுந்தபோது அவர் முகத்தில் உயிர் திரும்பியிருந்தது.

மறு வாரமே சிட்டுவை அந்தப் பள்ளியிலிருந்து நிறுத்தி, வீட்டுக்குப் பக்கத்தில் சாதாரணப் பள்ளியில் சேர்த்தார். கையால் பேசுவது விசுவாசக் குறைவு என்று யாரோ புண்ணியவான் அவரிடம் ஓதிவிட்டார். அதிலிருந்து சிட்டு வலது பக்கத்தில் அப்பாவை ஒட்டி உட்கார ஆரம்பித்தாள். இரண்டு கைகளும் தொடைக்கு அடியில் இருக்கும். யார் என்ன சொன்னாலும் தலையாட்டிச் சிரிப்பாள்.

"அவளுக்கு ஒண்ணும் கேக்கலங்க. மூஞ்சியைப் பாத்துத் தலையாட்டுறா. ஒரு வருஷமாப் படிப்பு ஏறவே இல்லையாம்" என்று என் மனைவி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"பெத்த அப்பனே சும்மா இருக்கான். நமக்கெதுக்கு வம்பு?"

"கர்த்தர் இந்தக் கையைப் பாட்டுக்கு ஆட்டறதுக்கு மட்டுமா எனக்குக் குடுத்தாரு?"

டெய்லரிடம் போய்ப் பேசிப் பார்த்தாள். அவர் தையல் மிஷினை நிறுத்தாமலே, "சாத்தான் உங்க மூலமாப் பேசறான்னு நான் சொல்ல மாட்டேன்க்கா. ஆனா இந்தப் பேச்சை இங்க பேசாதீங்க" என்றிருக்கிறார். பிறகு பாஸ்டரிடம் போனாள், என்னையும் இழுத்துக்கொண்டு.

எங்கள் பாஸ்டர் நல்ல மனுஷன். அதுதான் இதில் பெரிய சிக்கலே. எனக்கு ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரி வராண்டாவை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தவர். எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வீட்டாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது அப்பா ஸ்தானத்தில் நின்று நடத்தி வைத்தவரும் அவர்தான். என் மனைவி சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"முழுசா கேக்கக் கொஞ்சம் நாளாகலாம்மா. பொண்டாட்டியைப் பறிகொடுத்தவன், அவனுக்குப் பிடிச்சுக்க வேற என்ன இருக்கு? அதையும் நீ குலைச்சிடாத."

வெளியே வந்ததும் என் மனைவி பேச்சை மாற்றி, காய்கறி வாங்கணும் என்றாள். எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

சபையின் ஆண்டு ஆராதனையன்று ஹால் நிறைந்து வழிந்தது. பாஸ்டரின் பிரசங்கம் வரங்களைப் பற்றி. கர்த்தர் கொடுத்ததை ஒளித்து வைக்கிறவன் அவருக்கே துரோகம் செய்கிறான், பயப்படாமல் எடுத்துப் பயன்படுத்துங்கள் என்றார். நடுவில் என் மனைவியைக் காட்டி, "இந்த மகளைப் பாருங்க" என்றார். தன்னைப் பற்றிய புகழ்ச்சியையும் அவள் முகம் மாறாமல் கையால் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிரசங்கம் முடிந்து சாட்சி நேரம் வந்தது. சிட்டுவை டெய்லர் மேடைக்குக் கூட்டி வந்தார். புதுக் கவுன், அவரே தைத்தது. ஒரு வருஷம் முன்னால் சுகம் பெற்ற பிள்ளை என்று பாஸ்டர் அறிமுகம் செய்தார். கையிலிருந்த மைக்கை அவள் வாயருகே நீட்டி, "சிட்டு, இயேசப்பா உனக்கு என்ன செஞ்சாரு?" என்றார். டெய்லர் மகளின் தோளைத் தொட்டார். அவள் பாடம் பண்ணியிருந்ததைச் சொன்னாள். "யேசப்பா சுகந் தந்தாரு" என்பது மாதிரி ஏதோ வந்தது. ஹால் கைதட்டியது. டெய்லர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சிட்டுவின் பார்வை மட்டும் என் மனைவியிடம் போனது. இடுப்புக்குக் கீழே, கவுனை ஒட்டினாற்போல அவள் கைகள் அசைந்தன. பின்னாலிருந்த எனக்கு என்னவென்று புரியவில்லை. ஆனால் என் மனைவியின் கைகள் அந்தரத்தில் நின்றுவிட்டதைப் பார்த்தேன். இடது பக்கப் பெஞ்சில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பிள்ளை கையாலயும் சாட்சி சொல்றா போல. என்ன சொல்றாம்மா? எல்லாருக்கும் சொல்லு" என்றார் பாஸ்டர், சிரித்தபடி.

சிட்டு சொன்னது இதுதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்: எனக்குக் கேட்கவில்லை, அப்பாவிடம் சொல்லாதீங்க.

கையில் வந்ததை வாயில் சொல்லியே பழகியவள் என் மனைவி. அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. ஹால் காத்திருந்தது. ஸ்பீக்கரில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு எல்லாருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு சிட்டுவுக்கு முன்னால் முழங்காலிட்டாள். இருவர் கைகளும் பேச ஆரம்பித்தன. நான் சொல்லட்டுமா என்று இவள் கேட்டிருக்கிறாள். வேண்டாம் என்றிருக்கிறாள் சிட்டு. இன்னும் எத்தனை நாள் இப்படி இருப்பாய் என்று இவள் கேட்டதும், சிட்டு இடது பக்கப் பெஞ்சுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவள் கைகள் தொடைப் பக்கத்திலிருந்து மேலே வந்து, கடகடவென்று நிறையச் சொல்லின. கடைசியாக, "நீங்களே சொல்லிடுங்க, நான் கண்ணை மூடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு இறுக மூடிக்கொண்டாள்.

என் மனைவி எழுந்து ஹாலைப் பார்த்துத் திரும்பினாள்.

"எனக்குக் காது கேக்கல" என்றாள். "அன்னிக்கும் கேக்கல. மேடை அதிர்ந்துச்சு, திரும்பினேன். எல்லாரும் அழுதீங்க. அப்பா சிரிச்சாரு."

ஹாலில் சலசலப்பு எழுந்தது. சபைச் செயலாளர் தடுப்புக்குள் ஓடி வந்து என் காதோரம் குனிந்தார்.

"உன் பொண்டாட்டி மைக்கை ஆஃப் பண்ணுய்யா."

என் விரல் அந்தப் பொத்தான்மேல்தான் இருந்தது. மேடையில் பாஸ்டர் நின்ற நிலையைப் பார்த்தேன். அடி வாங்கிய ஆள் மாதிரி நின்றார். அவருக்கு நான் பட்ட கடனெல்லாம் நினைவுக்கு வந்தது. அழுத்தியிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

"பேசறது என் பொண்டாட்டி இல்லைங்க, அந்தப் பிள்ளை. அது பேசி முடிக்கட்டும்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. செயலாளர் கையை நீட்டினார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு மிக்ஸரை மறைத்துக்கொண்டேன்.

"நான் கேக்கற மாதிரியே இருந்தேன்" என்று ஸ்பீக்கர் சொன்னது. "புது ஸ்கூல்ல எங்கூட யாரும் பேச மாட்டாங்க. என்னைப் பழைய ஸ்கூலுக்கு அனுப்புங்க. அப்பாகிட்ட சொல்லாதீங்க."

டெய்லர் மகளின் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு நடுப்பாதை வழியாக வெளியே போனார். பாஸ்டர் ஜெபிப்போம் என்றார். ஆனால் ஜெபம் வரவில்லை.

ஆராதனை கலைந்தபின் வாசலில் பாஸ்டர் எங்களை நிறுத்தினார். கண் சிவந்திருந்தது.

"எங்கிட்ட தனியாச் சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னேன் பாஸ்டர்."

அவர் பைபிளை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "கொஞ்ச நாளைக்கு மேடைக்கு வர வேணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். இன்றுவரை என் மனைவி அந்த மேடையில் ஏறவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். பாவமாக இருந்தது என்று சொன்னால் அதுவும் உண்மை.

வீட்டுக்கு வந்ததும் உடைந்து அழுதாள். "சொல்லாதீங்கன்னு அவ கெஞ்சினா. நான் தப்புப் பண்ணிட்டேனா? அவரு அடிக்கிற ஆளும் இல்ல, அப்புறம் ஏன் அப்பாவுக்கு அவ்வளவு பயந்தா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். காபி போட்டுக் கொடுத்தேன், ஆறிப் போயிற்று.

மறுநாள் சாயங்காலம் டெய்லர் சிட்டுவைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நாளைக்கே பழைய ஸ்கூல்ல கொண்டுபோய் விட்டுடறேன். ஊர் முன்னாடி என் மானம் போனது போனதுதான். ஆனா ஒரு வருஷம் என்னை ஏன் ஏமாத்தினான்னு எனக்குத் தெரியணும். அவகிட்ட கேளுங்கக்கா."

என் மனைவி கேட்டாள். சிட்டு அப்பாவை ஒரு தடவை பார்த்துவிட்டு மெதுவாகக் கையால் சொன்னாள். பார்த்துக்கொண்டிருந்த என் மனைவியின் முகம் வெளுத்தது. பிறகு டெய்லரைப் பார்த்துச் சொன்னாள்.

"எனக்குக் காது கேக்காது. அதான் அம்மா என்னைச் சித்தி வீட்டுல விட்டுட்டுப் போயிட்டாங்க. கேக்குதுன்னு தெரிஞ்சா திரும்பி வருவாங்கன்னு நினைச்சேன். கேக்கலன்னு தெரிஞ்சா நீயும் போயிடுவ."

டெய்லர் கழுத்து நாடாவை உருவிக் கையில் சுற்றினார். "செத்துப் போனவ எப்படி வருவா? நான்தான் இவகிட்ட தினமும் சொன்னேனே. அம்மா செத்துட்டாம்மா, கர்த்தர்கிட்ட இருக்காம்மான்னு. படுக்க வைக்கும்போது காதுல வாயை வெச்சு…"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. துக்கம் விசாரிக்க நாங்கள் எல்லாரும் போனோம். டெய்லர் கையைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தோம். சிட்டுவிடம் யாராவது சொல்லியிருப்பார்கள் என்று பாஸ்டர் நினைத்திருப்பார், சித்தி நினைத்திருப்பாள், இடது பக்கப் பெஞ்சுக்காரர்கள் நினைத்திருப்பார்கள், நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். காது கேட்கிறவர்களில் அந்தப் பிள்ளைக்குப் புரிகிற விதத்தில் சொல்லத் தெரிந்தவள் சபையிலேயே ஒருத்திதான். அவளும் சொல்லவில்லை.

"நீங்களே சொல்லிடுங்கக்கா" என்றார் டெய்லர்.

"நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க, உங்க பேச்சை நான் கையில குடுக்கறேன்." அவள் கன்னமெல்லாம் ஈரம்.

டெய்லர் தரையில் மகளுக்கு எதிரே உட்கார்ந்தார். என் மனைவி அவருக்குப் பக்கத்தில், சிட்டு இருவரையும் பார்க்கிற மாதிரி உட்கார்ந்தாள்.

"அம்மா செத்துட்டா சிட்டு. காய்ச்சல் முத்திப்போச்சு. உன்னைப் பாக்கணும்னு கேட்டுக்கிட்டே இருந்தா. உனக்கு அம்மைன்னு நாங்கதான் கூட்டிட்டு வரல."

என் மனைவியின் கைகள் அதைச் சொல்லி முடித்தன. சிட்டு அந்தக் கைகளை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை. அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. அப்புறம் கையால் சின்னதாக ஒன்று கேட்டாள்.

"அப்போ என்னால இல்லையா?" என்றாள் என் மனைவி.

டெய்லர் இல்லை என்று தலையாட்டினார். சிட்டு எட்டி இரண்டு கைகளாலும் அவர் தலையைப் பிடித்து நிறுத்துகிற வரைக்கும் ஆட்டிக்கொண்டே இருந்தார்.